இரண்டு பேடாவும் ஒரு புகார்க் கடிதமும்

ஃபேக்ஸ் மெஷின் முதலில் ஒரு முறை இருமும். அப்புறம் கீச்சென்று கத்திவிட்டு வழவழப்பான தாளை மெல்ல வெளியே தள்ளும். வந்த தாள் சூடாக இருக்கும், கையில் எடுத்தால் சுருண்டு கொள்ளும்.

புனேயை ஒட்டிய போசரியில் எங்கள் கம்பெனி ஆபீசில் என் மேசைக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். டீ கிளாஸில் ஆடை படிந்திருந்தது. வெளியே ஒர்க்‌ஷாப்பில் லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தாள் வந்துகொண்டே இருந்தது, ஒன்று, இரண்டு, ஐந்து பக்கம். எல்லாம் ஜெர்மன். கடைசிப் பக்கத்தின் அடியில் பேனாவால் இங்கிலீஷில் கிறுக்கியிருந்தது: “எஸ்தர், இதில் என்ன எழுதியிருக்கிறது? ஐந்து மணிக்குள் இங்கிலீஷில் அனுப்பவும். ரொம்ப அர்ஜென்ட். நிதின்.”

நிதின் எங்கள் கம்பெனி எஞ்சினியர். ஜெர்மன் மெஷின் ஒன்றை ஓட்டப் பயிற்சி எடுக்க மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டவர். ஜெர்மனில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. ஒன்று நன்றி சொல்ல, இன்னொன்று பீர் கிளாஸை உயர்த்த.

ஜெர்மன் தெரிந்தவள் நான். நான் போசரியில் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய காகிதம் கடல் தாண்டி போசரிக்கு வருகிறது. என் மேசையில் இங்கிலீஷாகிறது. மறுபடி கடல் தாண்டிப் போய், அதே ஜெர்மன்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நிதினிடம் சேருகிறது. பதில் எழுத வேண்டுமென்றாலும் நான்தான் ஜெர்மனில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் அடியில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டுவார். இந்தக் கூத்துக்குப் பதிலாக என்னையே அனுப்பியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. வாக்கே கொடுத்திருந்தார்கள். கொடுத்தும் அனுப்பவில்லை.

அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் நடந்தது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

சர்ச்சில் பாடுகிறவள்தானே

அப்போது நான் அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ரிசப்ஷனிஸ்டும் நான்தான், டெலிபோன் ஆபரேட்டரும் நான்தான், சாகேபுக்குத் தலைவலி மாத்திரை தேடித் தருகிறவளும் நான்தான். சாகேப் என்றால் முதலாளி. பெயர் வேண்டாம், இப்போது அவர் இல்லை.

கியர் செய்யும் கம்பெனி அது. ஒரு வருஷம் ஜெர்மனியிலிருந்து பழைய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. கூடவே மூன்று மரப்பெட்டி நிறையப் புத்தகங்கள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட ஜெர்மனில்தான் இருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சாகேப் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எஸ்தர், நீ சர்ச்சில் பாடுகிறவள்தானே? ஜெர்மன் கற்றுக்கொள்ள உனக்கு என்ன கஷ்டம்?” என்றார் இந்தியில்.

கிறிஸ்தவப் பெண்ணென்றால் ஐரோப்பிய பாஷையெல்லாம் ரத்தத்திலேயே ஓடும் என்று அவருக்கு நினைப்பு. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலைக்காக இங்கே வந்து கண்டோன்மெண்ட் ஓரமாகவே காலம் தள்ளியவர். எங்கள் சர்ச்சில் பாடுவது தமிழ்ப் பாட்டு. அதைச் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டிவிட்டேன். எனக்கு ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை.

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் முடிந்ததும் போசரியில் பஸ் பிடித்து ஊருக்குள் வகுப்புக்குப் போவேன். வகுப்பு முடிந்து விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வர இன்னொரு பஸ். காலையில் திகி வழியாக ஆபீஸ் போகும்போது பஸ்ஸில் வார்த்தைகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த மராட்டி அம்மாள் நான் ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, இறங்கும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்தில் ஆரம்பநிலை முடிந்தது. அதற்குள் அந்த மூன்று பெட்டிப் புத்தகங்களில் இரண்டு பெட்டியை நான் மொழிபெயர்த்து டைப் அடித்து முடித்திருந்தேன். மேல்வகுப்பில் சேர்ந்த அன்று சாகேப் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சுவரில் மாட்டியிருந்த கணபதி படத்துக்கு நேராக நின்றுதான் சொன்னார்.

“பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லி மெஷின் செய்த ஜெர்மன் கம்பெனி கேட்கிறது. வேறு யார், எஸ்தர்தான் போக வேண்டும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நிதினும் தட்டினார்.

உங்கள் கருத்து என்ன?

மேல்வகுப்பு என்கிறேனே, ஜெர்மனில் அதன் பெயர் மிட்டல்ஷ்டூஃபெ. நடுநிலை என்று அர்த்தம். நடுவாவது நிலையாவது! ஆரம்பநிலையில் காபி கேட்டால் போதும், ரயில் எத்தனையாவது பிளாட்பாரம் என்று கேட்டால் போதும். இங்கே வந்ததும் கருத்து கேட்கிறார்கள். காடுகள் அழிவதைப் பற்றி உங்கள் கருத்து என்ன? குழந்தைகள் டிவி பார்ப்பதைப் பற்றி என்ன?

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் மேதா மேடம். மேடம் என்று கூப்பிட்டோமே தவிர என்னைவிட மூன்று வயது சின்னவள். காட்டன் துப்பட்டா, ஸ்கூட்டர், ஒரு நிமிஷம் லேட்டாக வந்தால் வாசலிலேயே நிற்க வைக்கும் கண்டிப்பு. முதல் நாள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், நகரத்துக்குள் கார்களைத் தடை செய்யலாமா, உங்கள் கருத்து என்ன என்று.

நான் நெடுநேரம் யோசித்து, பிழையில்லாமல் ஒரு வாக்கியம் சொன்னேன்: “எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.”

வகுப்பே சிரித்தது. “அது கருத்து இல்லை எஸ்தர், அனுமதி” என்றாள் மேதா மேடம்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தொன்பது வயதுவரை ஒருத்தர்கூட என்னிடம் கருத்து கேட்டதில்லை. கேட்காத பொருளை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? அடுத்த பெஞ்சில் இருந்த காலேஜ் பையன்கள் எதைக் கேட்டாலும் மூன்று கருத்து வைத்திருந்தார்கள்.

மேசைமேல் பேடா

முதல் பருவத் தேர்வு ஒரு சனிக்கிழமை. எழுத்து, கேட்டல், பேச்சு என்று காலையிலிருந்து மூன்று மணிவரை பிழிந்தெடுத்தார்கள். காதில் கேசட் குரல் ஓட, பசியோடு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசைமேல் சிவப்பு அட்டைப் பெட்டி. நூல் அவிழ்ந்திருந்தது. உள்ளே பேடா, கேசரி நிறத்தில், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பிஸ்தாத் துண்டு.

“தின்னு பிள்ள, காலைல இருந்து வெறும் வயிறு” என்றாள் அம்மா.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். “யாரும்மா வந்தா?”

“உங்க சாகேப் வந்துட்டுப் போறாவ. காரைக் கொண்டு வாசல்லயே நிறுத்திட்டாவ. பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் வந்து எட்டிப் பாக்கா.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேர்வு எழுதும் நாளை நினைவு வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு அறை வீட்டைத் தேடி முதலாளியே வந்திருக்கிறார்! எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், காபி குடித்தாரா என்றெல்லாம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இரண்டாவது பேடாவையும் எடுத்துத் தின்றேன். இந்த இரண்டாவது பேடாவைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது வரன் விளம்பரங்கள்கூட இல்லை, டெண்டர் நோட்டீஸ்.

“அந்த ஃபாரின் விஷயமாத்தான் வந்தாவ” என்றார். “நிதின்னு ஒரு பையன அனுப்புதாவளாம். நானும் சரின்னுட்டேன்.”

“என்னது சரின்னிய?”

“பொம்பளப் பிள்ள, மூணு மாசம் தனியா அங்க போய் கெடக்கணுமா? பாளையங்கோட்டைல ஒரு இடம் பேசிட்டு இருக்கு, உனக்குத் தெரியும்லா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா. அவியளும் மரியாதப்பட்ட மனுசன், வீடு தேடி வந்து கேக்காவ. ஆப்கி பேட்டி ஹமாரி பேட்டின்னு சொல்லுதாவ.”

உங்கள் மகள் எங்கள் மகள் மாதிரி! மகளைப் பற்றி இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்து பேசி, காபி குடித்து, முடிவு செய்து, இனிப்பும் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மகள் எங்கே இருந்தாள்? ஜெர்மனி போவதற்காகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இல்லாத நாள் பார்த்து வந்தாரா, தற்செயலாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. என் லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாயில் ஏலக்காய் மணம் இருந்தது. கொப்பளித்தும் போகவில்லை.

பாத்திரங்கள் பேசிய வாரம்

நான் என்ன செய்தேன் தெரியுமா? சண்டை போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. போடவில்லை.

எங்கள் வீட்டில் பெண்களுக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். ஒரு வாரம் நான் கழுவிய பாத்திரங்கள் தெருக்கோடி வரை கேட்டன. அப்பா ஏதாவது கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவே இல்லை. அம்மாவிடம் புலம்பினேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன், பஸ்ஸில் கூட வரும் ஒரு நர்ஸிடம்கூடப் புலம்பினேன். முடிவு செய்த இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு ஊரில் எல்லோரிடமும் நியாயம் கேட்டேன்.

திங்கட்கிழமை சாகேப் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பேடா சாப்பிட்டாயா?”

“சாப்பிட்டேன் சாகேப். தேங்க்யூ.”

தேங்க்யூ! நான்தான் சொன்னேன், என் வாயால். “அடுத்த தடவை நீதான்” என்றார் அவர். அதற்கும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? நிதினின் விசாவுக்கு கம்பெனி கொடுக்க வேண்டிய கடிதத்தை நானே டைப் அடித்தேன். தப்பில்லாமல், இரண்டு கார்பன் காப்பியோடு.

நிதினைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல பையன். கிளம்புவதற்கு முன் என் மேசைப் பக்கம் வந்து, பேப்பர்வெயிட்டை உருட்டியபடி, “நான் கேட்டு வாங்கவில்லை எஸ்தர்” என்றார். தெரியும் என்றேன். அவருக்குக் கேட்காமலே கிடைத்தது. எனக்குப் படித்தும் கிடைக்கவில்லை.

அவர் போன இரண்டு வாரத்தில் ஃபேக்ஸ் மெஷின் இரும ஆரம்பித்தது.

கடல் தெரியாத அறை

இரண்டாவது பருவத்தில் மேதா மேடம் புகார்க் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்தாள். மேல்வகுப்பில் இது பெரிய பாடம். தேர்வில் எப்படியும் வரும். ஏமாற்றமடைந்த சுற்றுலாப் பயணி ஒருத்தர் ஹோட்டலுக்கு எழுதுவார். கடல் தெரியும் அறை என்று சொன்னீர்கள், ஜன்னலைத் திறந்தால் கட்டட வேலை நடக்கிறது, குளியலறையில் வெந்நீர் இல்லை, இப்படி. அதற்கு ஒரு கணக்கு உண்டு, நாலு பாரா. என்ன வாக்குக் கொடுத்தீர்கள். என்ன நடந்தது. அதனால் எனக்கு என்ன ஆயிற்று. எனக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும்.

நான் பிறந்ததிலிருந்து ஒரு ஹோட்டலிலும் தங்கியதில்லை. சர்ச் முகாமுக்குப் போனால் ஹாலில் வரிசையாகப் பாய் விரிப்பார்கள். அதில் கடல் தெரியவில்லை என்று யாரிடம் புகார் செய்வது?

அன்று நிதின் பதினொரு பக்கம் அனுப்பியிருந்தார். அந்த எரிச்சலோடு வகுப்புக்கு வந்தவள், வீட்டுப்பாடத்தில் ஹோட்டலை விட்டுவிட்டேன். “மதிப்பிற்குரிய அப்பாவுக்கு” என்று ஆரம்பித்தேன். இரண்டு பக்கம், நிறுத்தாமல் வந்தது. வாக்கு, பேடா, ஃபேக்ஸ், எல்லாம். தமிழில் ஒரு வரிகூட எழுத வந்திருக்காது. ஜெர்மனில் அப்பாவைத் திட்டினால் அது அப்பாவைத் திட்டிய மாதிரியே இல்லை.

நோட்டு திரும்பி வந்தது. பிழை இரண்டே இரண்டு. ஆனால் மதிப்பெண் இருபதுக்கு ஒன்பது. வகுப்பு முடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேதா மேடத்திடம் போனேன்.

“இரண்டு பிழைக்கா பதினோரு மார்க் குறைத்தீர்கள்?”

“பாஷை பிரமாதம்” என்றாள் அவள், ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே. “ஆனால் நாலாவது பாரா எங்கே? இந்த அப்பாவிடம் உங்களுக்கு என்ன வேண்டும்? எப்போது வேண்டும்? எங்கேயும் எழுதவில்லையே. இது புகார் இல்லை எஸ்தர். ரட்காணம்.”

மராட்டியில் ரட்காணம் என்றால் அழுகைப் பாட்டு, ஒப்பாரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. இவளுக்கு என்ன தெரியும்? ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள், சம்பாதிக்கிறாள், ஜெர்மனிக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறாள்!

“இந்த அப்பா நிஜமா?” என்று கேட்டாள் கொஞ்சம் தணிந்து.

“இல்லை. கற்பனை” என்றேன்.

பஸ்ஸில் நோட்டைத் திறந்து மறுபடி படித்தேன். சிவப்பு மையில் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு வைத்திருந்தாள், நாலாவது பாராவுக்கு. அவள் சொன்னது சரிதான். அதற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது.

ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ரெண்டாயிரத்துக்குப் பிறகு நானே மாலை வகுப்பு எடுத்தேன். புனேயின் இன்னொரு மூலையான வாகட்டிலிருந்து கோயம்புத்தூர்ப் பெண்களும் சென்னைப் பெண்களும் கம்ப்யூட்டர் வேலை முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வருவார்கள். என்னைவிடப் பத்து மடங்கு சம்பளம், சொந்தமாகக் கார். புகார்க் கடிதம் எழுதச் சொன்னால் மூன்று பாரா முத்து முத்தாக எழுதுவார்கள். நாலாவது பாரா வராது. “அதான் எல்லாம் சொல்லிட்டேனே மேம், அவங்களே புரிஞ்சுக்க மாட்டாங்களா?” என்பார்கள். மாட்டார்கள். ஒரு காலத்திலும் மாட்டார்கள். ஆண்பிள்ளைகள் யாரும் அந்தப் பாராவை மறந்து நான் பார்த்ததில்லை. இதை வகுப்பில் சொல்லிக் கத்தியிருக்கிறேன்.

மாலை போட்ட மெஷின்

நிதின் திரும்பி வந்தார், எனக்கு ஒரு சாக்லேட் டப்பாவோடு. தசராவுக்கு மெஷின்களுக்குப் பூஜை. அந்த ஜெர்மன் மெஷினுக்குச் சாமந்தி மாலை, குங்குமம், முன்னால் தேங்காய். அந்தச் சமயம் பார்த்து ஜெர்மனியிலிருந்து ஹெர் வெபர் வந்திருந்தார், ஹெர் என்றால் மிஸ்டர். நிதினுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு வியர்த்து நின்றார்.

சாகேப் இங்கிலீஷில் பேசினார். ஒவ்வொரு வாக்கியமாக நான் ஜெர்மனில் சொன்னேன். நட்பு, உழைப்பு, இரு தேசங்கள், எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் சாகேப் நிதின் தோளில் கை போட்டார்.

“எங்கள் நிதின் மூன்றே மாதத்தில் உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு, மெஷின் புத்தகங்களை எல்லாம் மொழிபெயர்த்து முடித்தார்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நிதின் தரையைப் பார்த்தார். சாகேப் என்னைப் பார்த்துக் கையசைத்தார், ம், சொல்லு.

என் வேலையை நான் செய்யவில்லை என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். அதையும் நான் கற்ற மொழியில்.

கையிலிருந்த குறிப்புத் தாளைக் கசக்கினேன். கோபத்தில்தான், பயத்தில் இல்லை. சரி, பயத்திலும்தான். ஹெர் வெபரைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன்: “நிதின் மொழிபெயர்த்தார் என்று என் முதலாளி சொல்கிறார். அது உண்மையில்லை. மொழிபெயர்த்தது நான். பயிற்சிக்கு நான் வருவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்கள். அனுப்பியது இவரை. அவருடைய பாடத்தை மூன்று மாதம் நான் இங்கிருந்து படித்தேன். அடுத்த பயிற்சிக்கு என் பெயர் போட்டு என்னை அழைக்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் பதில் வேண்டும்.”

நாலு பாரா.

சுற்றிலும் நாற்பது பேர் சிரித்த முகத்தோடு நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. நான் நிறுத்தியதும் மறுபடி கை தட்டினார்கள்.

ஹெர் வெபர் சிரிக்கவில்லை. “எங்களுக்குத் தெரியும், ஃப்ராவ் எஸ்தர்” என்றார். “அவர் கொடுத்த பதில் எல்லாமே புனேயிலிருந்து வந்த ஃபேக்ஸ் தாளாகத்தான் இருந்தது. ஆனால் உங்களுக்கே பயணம் செய்ய விருப்பமில்லை என்று உங்கள் கம்பெனி எழுதியிருந்ததே? உங்கள் தகப்பனாரும் அதை உறுதி செய்ததாக இருந்தது. வருத்தப்பட்டோம்.”

வருத்தப்பட்டார்களாம்! மூன்று மாதம் நான் எழுதிய தாள்களைப் பார்த்துக்கொண்டே வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவளையே ஒரு வார்த்தை கேட்போம் என்று அங்கேயும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“அடுத்த பயிற்சி மார்ச் மாதம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன்” என்றார்.

“என்ன இவ்வளவு நேரம் பேசினாய்? நான் அவ்வளவா சொன்னேன்?” என்று சாகேப் கேட்டார்.

“ஜெர்மனில் எதைச் சொன்னாலும் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், சாகேப்.”

ஞாயிற்றுக்கிழமைக்குள்

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

“எனக்கு இஷ்டம் இல்லன்னு சாகேப்கிட்ட சொன்னியளாப்பா?”

அவர் கை ரேடியோக் குமிழிலேயே இருந்தது. அடுக்களையில் அம்மா கரண்டிச் சத்தத்தை நிறுத்தினாள்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். பொம்பளப் பிள்ள வேலைல சண்ட போட்டுட்டுன்னு பேரு வரக் கூடாதுல்லா. இஷ்டமில்லன்னா மரியாதையா முடிஞ்சிரும்னு நெனச்சேன்.”

“எனக்கு இஷ்டம் இருந்துச்சுப்பா. ரெண்டு வருசமா ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வந்தேன். அது எதுக்குன்னு நெனச்சிய?”

“நீ போகணும்னு ஒருநாளும் எங்கிட்ட கேக்கலியே பிள்ள.”

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுதுவது! ஏனென்றால் அது உண்மை. பாத்திரத்தை உருட்டினேன், ஊரெல்லாம் புலம்பினேன், இரண்டு பக்கம் ஜெர்மனில் எழுதினேன். கேட்கவில்லை.

“நீங்களும் எங்கிட்ட கேக்கலப்பா” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“இப்பம் கேக்கேன்” என்றேன். “அடுத்த ட்ரெய்னிங் மார்ச் மாசம். நான் போறேன். பாளையங்கோட்டைக்கு எழுதிப் போட்டுருங்க. பிள்ள மூணு மாசம் ஊர்ல இருக்க மாட்டா, காத்திருக்க முடிஞ்சா காத்திருக்கட்டும்னு. ஞாயித்துக்கெழமைக்குள்ள எழுதிருங்க.”

“ஞாயித்துக்கெழமையா?”

“ஞாயித்துக்கெழம.”

சனிக்கிழமையே எழுதினார். இன்லண்டு லெட்டரை ஒட்டுவதற்கு முன் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். “மகள் விருப்பப்படி” என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தார். பாளையங்கோட்டைக்காரர்கள் காத்திருக்கவில்லை. அதில் எனக்கு ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை.

மாதத்தின் கடைசி நாள் ஃபேக்ஸ் மெஷின் இருமியது. ஹெர் வெபரின் பதில். ஜெர்மனில் இருந்ததால் அதை சாகேபுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளும் நானே. அடுத்த பயிற்சிக்கு எஸ்தரைத் தவிர வேறு யாரையும் ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார். நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாகேப் தாளை வாங்கி, தனக்குப் புரியாத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் வந்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள், ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார் சாகேப். கணபதி படத்துக்கு முன்னால் அதே இடம். கையில் சிவப்பு அட்டைப் பெட்டி.

“நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா, எஸ்தர்தான் போவாள் என்று!”

கை தட்டினார்கள். அவர் பெட்டியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். கேசரி நிறம், நடுவில் பிஸ்தாத் துண்டு. ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது. எனக்குப் பசியும் இருந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“முதலில் சொல்லுங்கள் சாகேப்” என்றேன். “இது எதற்கான பேடா?”